பதினோரு அடித் தண்ணீர்

ஆபீஸ் காகிதத்தின்படி நான் பதினான்கு வருஷமாகப் பதினோரு அடித் தண்ணீருக்குள் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறேன். காலையில் போட்டால் மத்தியானத்துக்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும். தண்ணீருக்குள் துணி காய்கிற அதிசயத்தை யாரிடமாவது சொல்லிச் சிரிக்கலாம் என்றால், என் வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு, "மெதுவா பேசு, மெதுவா பேசு" என்பார். அவர் குடிநீர் இலாகாவில் லெவல் பார்ப்பவர். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதென்று ஒரு நாளைக்கு மூன்று தடவை பார்த்து நோட்டில் எழுதுவதுதான் அவருடைய வேலை.

தொட்டி எங்கள் குவார்ட்டர்ஸுக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. தரைக்குள் இறக்கிக் கட்டிய பெரிய வட்டத் தொட்டி. உள்ளே இறங்க இரும்பு ஏணி, சுவரில் அடி அடியாகக் கறுப்புக் கோடு போட்ட அளவு. நாங்கள் குடிவந்த வருஷமே தொட்டியின் அடியில், ஏணிக்கு எதிர்ப்பக்கத்தில், ஒரு வெடிப்பு விட்டது. ஊற்றுகிற தண்ணீரையெல்லாம் மண் குடித்தது. இலாகா வேறு இடத்தில் புதுத் தொட்டி கட்டிக்கொண்டு, இங்கே வால்வை மூடி, பம்பைக் கழற்றி எடுத்துப் போய்விட்டது. லெவல் பார்ப்பவரையும் நோட்டையும் மட்டும் எடுத்துப் போக மறந்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் நேர்மையான மனுஷர். தொட்டி காலியான அன்று கோட்டைப் பார்த்தார், தண்ணீர் இல்லை, நோட்டில் பூஜ்யம் என்று எழுதினார். மூன்றாம் நாளே தலைமை ஆபீஸிலிருந்து மெமோ வந்தது. அரை அடிக்கு மேல் லெவல் இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்பது விதி. பதினோரு அடி இருந்த தொட்டி ஒரே நாளில் பூஜ்யமானதற்கு உங்கள்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். இவர் மெமோவைத் தூக்கிக்கொண்டு அப்போதிருந்த ஓவர்சியரிடம் ஓடினார். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "நேத்து என்ன எழுதினீங்களோ அதையே எழுதுங்க, யாரும் கேக்க மாட்டாங்க" என்றாராம். எழுதினார். யாரும் கேட்கவில்லை.

அன்று பிடித்தது அந்தப் பதினோரு அடி. ஆனால் அதையும் மனுஷர் ஏனோதானோ என்று எழுதவில்லை. வெயில் மாசத்தில் பத்தே முக்கால் என்பார். மழை பெய்தால் ஒரு அங்குலம் கூட்டுவார். காலை ஆறு, மத்தியானம் இரண்டு, மாலை ஆறு என்று மணி தவறாமல் தொட்டியின் விளிம்புக்குப் போய், கண்ணாடியைப் போட்டு, வெறும் சுவரைப் பார்த்துவிட்டு வந்து எழுதுவார். "இல்லாத தண்ணியைப் பார்க்க எதுக்குங்க கண்ணாடி?" என்று கேட்டேன் ஒரு நாள். கோபித்துக்கொண்டு அன்று சாப்பிடவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது, அந்த நோட்டு அவர் வயிற்றுக்குள் ஒரு கல்லாகக் கிடக்கிறதென்று.

நான் அப்படியெல்லாம் மனசைப் போட்டு உழப்பிக்கொள்கிற ஆள் இல்லை. காலியாக ஒரு இடம் கிடைத்தால் சும்மா விடுவேனா? முதலில் கொடி கட்டினேன். காற்றும் மழையும் கொண்டுவந்து போட்ட மண் அடியில் ஒரு பக்கமாக முழங்கால் உயரத்துக்கு மேடாகச் சேர்ந்திருந்தது. ஜூஸ் பிழிந்த எலுமிச்சங்கொட்டையை ஒரு நாள் மேலேயிருந்து வீசினேன். முளைத்தது. அப்புறம் மாதுளை வைத்தேன். சுவரிடுக்கில் அத்தி தானாகவே வந்தது. எலுமிச்சை ஏழு வருஷம் ஒரு பூகூடப் பூக்காமல் என்னை ஏமாற்றியது. "இன்னும் ஒரு வருஷம் பார்ப்பேன், அப்புறம் விறகுதான்" என்று அதன் முகத்துக்கு நேரே சொன்னேன். எட்டாம் வருஷம் காய்த்துக் கொட்டியது.

அதற்குள் தெருப் பெண்களுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. தையல்காரி மத்தியானம் பட்டன் தைக்கிற வேலையை எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கி வருவாள். மாடியில் தனியாக இருக்கிற டீச்சர் பரீட்சைப் பேப்பர் கட்டோடு வருவாள். பிள்ளைகள் வட்டச் சுவரைச் சுற்றி ஓடும். வெளியே அனல் அடிக்கும்போது அடியில் குளுகுளுவென்று இருக்கும். வீட்டில் என்னை ஏதாவது ஒரு குரல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். எலுமிச்சை அடியில் உட்கார்ந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள். எனக்கென்று இருந்த ஒரே இடம் அதுதான்.

அந்த நேரத்தில்தான் ஊருக்குள் உபயோகமில்லாமல் கிடக்கிற கட்டடங்களையெல்லாம் பசுமைப் பூங்காவாக மாற்றுவது என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். எங்கள் தொட்டியும் பட்டியலில் வந்தது. கடிதத்தை வீட்டுக்காரர் படித்துக் காட்டினார்: "தொட்டியில் தற்போதுள்ள பதினோரு அடித் தண்ணீரை ஒப்பந்தக்காரர் மூலம் வெளியேற்றி, உட்புறத்தைச் சுத்தம் செய்து, நூற்றிருபது மரக்கன்றுகள் நட வேண்டியது."

படித்து முடித்ததும் அவர் கடிதத்தை நாலாக மடித்து நோட்டுக்குள் செருகினார். ஓய்வு பெற எட்டு மாசம் இருந்தது. எங்களுக்குச் சொந்த வீடு கிடையாது, பிள்ளைகள் அனுப்பித்தான் சாப்பிட வேண்டும் என்று நாங்கள் நினைத்ததும் கிடையாது. பென்ஷன் ஒன்றுதான். பதினான்கு வருஷம் பொய் எழுதினார் என்று தெரிந்தால் வேலை போகும், வேலை போனால் பென்ஷன் போகும்.

"பூஜ்யம்னு எழுதினதுக்கு மெமோ வந்துச்சே, அதைக் காட்டுங்க" என்றேன்.

"காட்டினா? அப்புறம் ஏன் பதினொண்ணு எழுதினேன்னு கேப்பான்."

இன்ஜினியர் மறுநாளே ஜீப்பில் வந்து இறங்கினார். எங்கள் மூத்த பையன் வயசுதான் இருக்கும். மூன்று வருஷமாக மாசா மாசம் அந்த நோட்டில் 'சரிபார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டவர், அன்றுதான் முதல் தடவையாகத் தொட்டியை எட்டிப் பார்த்தார். கொடியில் என் சேலை ஆடிக்கொண்டிருந்தது.

"தண்ணி எங்க?" என்றார்.

"நோட்டுல இருக்கு சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டேன். இன்ஜினியர் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு முன்னால் கையெழுத்துப் போட்ட நாலு பேரில் ஒருவர் இப்போது தலைமை ஆபீஸில் பெரிய நாற்காலியில் இருக்கிறார் என்று அவரே சொன்னார். அரை மணி நேரம் நகத்தைக் கடித்துவிட்டு எழுந்தார். முகத்தில் தெளிவு வந்திருந்தது.

"ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கிழமை பெரிய சார் பார்வையிட வர்றார். அதுக்குள்ள வால்வைத் திறந்து பதினோரு அடி நிரப்பிடுவோம். அவர் பார்க்கட்டும். அப்புறம் ஒப்பந்தக்காரன் எறைச்சு வெளிய விடட்டும். நோட்டும் சரி, நாமளும் சரி."

"மரமெல்லாம் முங்கிடுமே தம்பி" என்றேன்.

"பூங்கா வரப்போகுதும்மா. நூத்திருபது கன்னு வைக்கப் போறோம். மூணு மரத்துக்கு அழுவீங்களா? எப்படியும் வெட்டத்தான் போறாங்க. அப்புறம் அந்த எலுமிச்சங்காயெல்லாம் பறிச்சிடுங்க. தண்ணிக்கு அடியில காய்ச்சுதுன்னு என்னால சொல்ல முடியாது."

மரம் வைப்பதற்காக மரத்தை மூழ்கடிக்கிறார்கள். இதை எந்த வாயால் ஒத்துக்கொள்வது? ஆனால் பக்கத்தில் என் வீட்டுக்காரர் நிற்கிற நிற்பைப் பார்த்தேன். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு, கூடையை எடுத்துக்கொண்டு போய்க் காயைப் பறித்தேன். பறிக்கப் பறிக்க அழுகை வந்தது. முள் குத்தியதற்கு அழுவதாக அவரிடம் சொன்னேன்.

வால்வைத் திறந்தார்கள். தண்ணீர் ஓவென்று கொட்டியது. அன்று மாலை ஆறு மணிக்கு அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளிம்புக்குப் போனவர் கால் மணி நேரம் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு அடி ரெண்டு அங்குலம்" என்றார். "கோட்டுக்கு ரெண்டு விரல் மேல. பார்த்தியா?"

பதினான்கு வருஷத்துக்குப் பிறகு நிஜமான தண்ணீரை அளந்திருக்கிறார். தண்ணீர் லேசாக அலம்பும்போது கோடு தெரிவதும் மறைவதுமாக இருக்க, எந்த இடத்தில் கணக்கு வைப்பது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். கல்யாணமான புதிதில் இருந்த முகம். இதற்காகவாவது நிரம்பித் தொலையட்டும் என்று நினைத்தேன்.

நிரம்பவில்லை. வெடிப்பு அங்கேயேதான் இருந்தது. அந்தப் பக்கம் ஊற்ற, இந்தப் பக்கம் மண் குடிக்க, மூன்று நாள் முட்டி மோதியும் இரண்டரை அடியைத் தாண்டவில்லை. அதற்குள் நான்கு தெருக் குழாயில் சொட்டுத் தண்ணீர் வராமல் போய், தையல்காரி தலைமையில் பத்துப் பெண்கள் காலிக் குடத்தோடு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார்கள். இன்ஜினியர் வால்வைப் பகலில் மூடி ராத்திரி மட்டும் திறக்கச் சொல்லிவிட்டு, பதினோரு அடியில் எட்டரை அடி ஏற்கெனவே இறைத்தாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். பொய்யைக்கூட மிச்சம் பிடிக்கத் தெரிந்தவர்.

வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வந்தார். கூடவே பூங்காவுக்கு வரைபடம் போட்ட பெண், முதுகில் பையும் கையில் சுருட்டிய காகிதமுமாக வந்தது. நான் டீத் தட்டோடு நின்றேன். அதிகாரி எட்டிப் பார்த்தார். இரண்டரை அடித் தண்ணீருக்கு மேலே என் எலுமிச்சை, மாதுளை, அத்தி மூன்றும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன.

"எறைக்கிற வேலை நடந்துட்டு இருக்கு சார்" என்றார் இன்ஜினியர்.

அதிகாரி டீயை எடுத்தார். குடிக்கவில்லை. "பதினாலு வருஷம் பதினோரு அடித் தண்ணி நின்ன இடத்துல மரம் எப்படிய்யா வந்தது?"

இன்ஜினியர் நோட்டைப் பார்த்தார். நோட்டு என் வீட்டுக்காரர் கையில் இருந்தது. அவர் உதடு அசைந்தது. எனக்குத் தெரியும், உண்மையைச் சொல்லத்தான் போகிறார். அவ்வளவு நாள் வயிற்றில் கிடந்த கல்லை அங்கேயே இறக்கி வைத்துவிடப் போகிறார். எட்டு மாசம் இருக்கும்போதா?

"அது தண்ணிக்குள்ளயே வளர்ற ஜாதி சார்" என்றேன்.

அதிகாரி என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், வரைபடக்காரப் பெண்ணிடம் திரும்பினார். "அப்படி ஒரு ஜாதி இருக்காம்மா?"

அந்தப் பெண் பதில் சொல்லாமல் விளிம்பில் மண்டியிட்டு, எட்டுகிற கிளையிலிருந்து ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்த்தது. அந்த வாசனையை யாரிடம் மறைக்க முடியும்? கிளையில் நான் எடுக்க மறந்த ஒரு துணி கிளிப் வேறு மாட்டியிருந்தது. அதையும் பார்த்தது. கிளிப்பைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து நின்றது.

"இருக்கு சார். ரொம்ப அபூர்வம்."

போகும்போது கிளிப்பை என் கையில் வைத்து, "என் வரைபடத்துல மரத்தையெல்லாம் எடுத்துடணும்னுதான் இருந்துச்சு ஆன்ட்டி. இனிமே தொட மாட்டாங்க" என்றது காதோடு. ஆன்ட்டி என்று சொன்னதை அன்றைக்கு மன்னித்துவிட்டேன்.

ஆனால் அபூர்வம் என்ற சொல் பெரிய அதிகாரியின் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அபூர்வ மரத்தைக் கண்டுபிடித்தவர் ஆகிவிட்டாரே. நூற்றிருபது கன்று நடுகிற திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, இது நீர்த்தாவரப் பூங்கா என்றார். இரண்டரை அடிக்கு ஒரு அங்குலம்கூடக் குறையக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஒப்பந்தக்காரன் ஆட்கள் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டு, வெடிப்பைத் தேடிப் பிடித்துச் சிமெண்ட் போட்டுப் பூசினார்கள். பதினான்கு வருஷத்துக்கு முன்பே செய்திருந்தால் தொட்டி தொட்டியாகவே இருந்திருக்கும். மறுபடி இரண்டரை அடி நிரப்பி, விளிம்பைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, ஏணியைக் கழற்றி எங்கள் வீட்டுக் கொல்லையில் சாத்தி, பலகை வைத்தார்கள்: 'தண்ணீருக்குள் வளரும் அபூர்வ மரங்கள். தண்ணீரில் இறங்காதீர்.' திறப்பு விழாவில் கை தட்டினார்கள். அதுவரை அடியில் உட்கார்ந்து பட்டன் தைத்த தையல்காரி, பொதுமக்களில் ஒருத்தியாக வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

லெவல் பார்ப்பவர் பதவி மட்டும் நிலைத்தது. அவருக்குப் புது நோட்டு வந்தது. அட்டை போட்டு, முதல் பக்கத்தில் தேதி எழுதி, மூன்று வேளையும் போய்ப் பார்த்து, இரண்டு அடி ஐந்தே முக்கால் அங்குலம் என்றால் அதையே எழுதினார். குறைந்தால் வால்வைத் திறந்து சரிசெய்தார். ராத்திரி குறட்டை விட்டுத் தூங்கினார். "போற காலத்துல எட்டு மாசமாவது நிஜத்தை எழுதிட்டுப் போறேன், அது போதும் எனக்கு" என்றார் ஒரு நாள். அப்படி அவர் எதையும் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை.

மூன்றாவது வாரம் எலுமிச்சை மஞ்சளித்தது. தண்ணீர் தேங்கினால் எலுமிச்சைக்கு வேர் அழுகும் என்பது பூந்தொட்டியில் செடி வைக்கிற யாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? அந்த நேரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவர் தலை தப்பியது, என் மரத்தின் தலையில் விடிந்தது. வேலிக்கு வெளியே நின்று தினமும் உதிர்ந்த இலையை எண்ணினேன். மாதுளை மொட்டை ஆயிற்று. அத்தி மட்டும் சுவரில் தொற்றிக்கொண்டு அசையாமல் நின்றது. வரைபடக்காரப் பெண்ணுக்கு போன் போட்டேன். "நான் தண்ணியை வைக்கச் சொல்லலையே ஆன்ட்டி. இப்ப மாத்திச் சொன்னா நான் சொன்னது பொய்னு ஆயிடும்" என்று அதுவும் அழாத குறை.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "கொஞ்ச நாள் தண்ணியைக் குறைக்க முடியாதாங்க?"

"குறைச்சா குறைஞ்சதுன்னு எழுதணும். எழுதினா மெமோ வரும்."

"எழுதாம..."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. கெஞ்சுகிற பார்வை. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் எலுமிச்சையில் எண்ணி ஒன்பது இலை இருந்தது. அன்று காலை அவர் பல் வலி என்று டாக்டரிடம் போனார். அவர் சாவியால் வேலிக் கதவைத் திறந்து ஏணியை இழுத்துவந்து சாய்த்தேன், கடப்பாரையோடு இறங்கினேன். தொடை அளவு தண்ணீர். வெடிப்பு இருந்த இடம் எனக்கு மனப்பாடம். ஒப்பந்தக்காரன் பூசிய சிமெண்ட் நாலு இடிக்குப் பெயர்ந்துவிட்டது. அவன் நேர்மையானவனாக இருந்திருந்தால் என் கை ஒடிந்திருக்கும். தண்ணீர் களக் களக்கென்று மண்ணுக்குள் இறங்க ஆரம்பித்தது. நல்ல காரியம்தான் செய்கிறேன் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் தூக்கத்தைத்தான் இடிக்கிறேன் என்று தெரிந்தேதான் இடித்தேன்.

அவர் திரும்பி வந்து, சாப்பிட்டு, இரண்டு மணிக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனார். நான் அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்தேன். விளிம்பில் நின்றார். சுவரைப் பார்த்தார். அப்புறம் எலுமிச்சையைப் பார்த்தார், வெகு நேரம். சேறு மட்டும் பளபளத்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் அடுப்படி வாசலில் நின்றேன்.

"கடப்பாரை எங்க?" என்றார்.

"கொல்லையில."

"கழுவி வை. சேத்தோட கிடந்தா துருப்பிடிக்கும்."

பேனா காகிதத்துக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எழுதினார். எட்டிப் பார்த்தேன். இரண்டரை அடி. எழுத்து கோணாமல் அழகாக இருந்தது. மையை ஊதிக் காயவைத்து நோட்டை மூடினார். கண்ணாடியைக் கழற்றி நோட்டின்மேல் வைத்தார்.

"மழை மாசத்துல ஒரு அங்குலம் கூட்டிக்கணும்" என்றார். "நான் மறந்தா ஞாபகப்படுத்து."